பென்சிலில் இருந்த பெயர்

திங்கட்கிழமை பத்திரிகை கடைக்கு வந்தால், பதினோரு மணிக்குள் எஸ்டெல் வாக்டெலின் தொலைபேசி அடித்துவிடும். மன்ஹாட்டனில் அந்த வாரப் பத்திரிகையின் ஓவியப் பிரிவில் அவள் இருந்த முப்பத்தொரு வருஷமும் இதே கதைதான். செனட்டரோ நடிகையோ குத்துச்சண்டைக்காரரோ, கேலிச்சித்திரத்தில் யார் பெயர் வந்தாலும் அவருக்கு அசல் படம் வேண்டும். எவ்வளவு கிண்டலடித்திருந்தாலும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பெயர் வராதவர்களுக்குத்தான் கோபம்.

அசல் போய்ச் சேர்ந்ததும் மறுபடி அடிக்கும். “என் பேரு எங்கம்மா?” சித்திரத்துக்குக் கீழே வரும் வசனம் தனியாக அச்சில் கோப்பது. அசலில், ஓரத்தில் ஓவியர் பென்சிலால் கிறுக்கியிருந்தால்தான் பெயர் உண்டு.

எழுபத்து நான்கின் இலையுதிர்காலத்தில் நிக் பெலாரோ ஆள் அனுப்பாமல் தானே வருவதாகச் சொன்னார். ஒரு காலத்தில் பிராங்ஸ் வீட்டில் எஸ்டெலின் அம்மா வெங்காயம் வதக்கும்போதெல்லாம் வானொலியில் பாடியவர். தன் பெயர் வந்த பதினொரு சித்திரங்களை வாங்கி மாட்டியிருந்தார். அதன்பின் ஒன்பது வருஷம் எந்தச் சித்திரக்காரரும் அவரை நினைக்கவில்லை.

இந்த வாரம் மோர்ட் பின்ஸ்கி நினைத்திருந்தார். மூடிய குளியலறைக் கதவு, வெளியே ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிறாள்: “குளிக்கிறப்ப அவர் நிக் பெலாரோ. தலை துவட்டினா பழையபடி என் புருஷன்.”

புதன்கிழமை காலை எஸ்டெல் படத்தை எடுத்துப் பார்த்தாள். ஓரத்தில் பென்சிலில் ‘எடி மார்ஷ்’ என்று எழுதி, அடித்து, மேலே ‘பெலாரோ’ என்று திருத்தியிருந்தது. அச்சுக்குப் போகிற வாரம் பாடகர் மார்ஷ் செத்துப்போயிருந்தார்; அவர் இடத்தில்தான் பெலாரோ.

புதுப் படங்களைக் காட்ட வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த மோர்ட் எட்டிப் பார்த்தார். “அழிச்சுடு எஸ்டெல். ரப்பர் ஆபீஸுதுதானே?”

“அடுத்தவங்க படத்துல நான் கை வெச்சதில்ல. நீங்க அழிங்க.”

“தேய்ச்சா கறுப்பாயிடும். இன்னும் அசிங்கம்.”

“மனுஷன் ஒன்பது வருஷம் கழிச்சு ஆசையா வர்றார், மோர்ட்!”

அதற்குள் ஒட்டகமயிர்க் கோட்டோடு பெலாரோ வந்தே விட்டார். எஸ்டெல் படத்தை நீட்டினாள். கட்டைவிரல் மட்டும் ஓரத்தை விட்டு நகரவில்லை.

“விரலை எடு கண்ணு. என் பேரு அங்கதான் இருக்கணும்.”

எடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

“எடி...” என்றார். “அவனுக்குத் தொண்டை கட்டினாத்தான் எனக்கு மேடை. முப்பது வருஷம். செத்தும் பாரு, இடத்தை எனக்குத்தான் விட்டுட்டுப் போயிருக்கான்.”

மோர்ட் தடுமாறினார். “வேற ஒண்ணு சுத்தமா வரைஞ்சு தரேன், சார்.”

“உன் சுத்தத்தை நீயே வெச்சுக்கோ. ஒரு விளம்பரத் தட்டியில எங்களைச் சேர்த்துப் போட்டவன் கிடையாதுப்பா. போட்டா எந்தப் பேரு மேலன்னு சண்டை. இங்க என் பேருதான் மேல இருக்கு!” சிரித்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

படத்துக்குச் சட்டம் போடுகிறவன் வழக்கமாக ஓரத்தை மறைத்துவிடுவான். எஸ்டெல் பொட்டலத்தின் மேல் பெரிய எழுத்தில் எழுதினாள்: ‘பென்சில் எழுத்து வெளியே தெரிய வேண்டும்.’