கறுப்பு எலிக்கு இருந்த காவல்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை வந்தது. சிப்காட் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த அந்தோணிசாமி அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் உயிர் போய்விட்டது என்று போனில் சொன்னார்கள். நான் அழவில்லை. "காய்ச்சல் ஏதும் இருந்துச்சா? மெலிஞ்சிருந்தாரா?" என்றுதான் கேட்டேன். கேட்ட பிறகு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலம் கழித்தவர்களுக்கு யார் இறந்தாலும் மனம் முதலில் எய்ட்ஸ் நோய்க்குத்தான் ஓடும். மாரடைப்பு என்று தெரிந்த பிறகே கண்ணீர் வந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேப்பனப்பள்ளிக்காரர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் ஒரே வேகத்தில் கோபப்படுவார். ஓசூரில் எங்கள் சிறிய லேபுக்கு வருவதற்கு முன், எழுபதுகளின் கடைசியில், பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளைப் பராமரித்தவர். 'எலி டாக்டர்' என்று நாங்கள் கிண்டல் செய்வோம். "எலிக்கு உங்கள விட பொறுமை ஜாஸ்திம்மா" என்பார்.

அந்த எலிகளைப் பற்றி அவர் ஓயாமல் பேசுவார். வெள்ளை எலிக்கும் கறுப்பு எலிக்கும் ரத்தப் புற்று வரவைக்கும் ஒரே வைரஸை ஊசியில் ஏற்றுவார்களாம். வெள்ளை எலிகள் ஒவ்வொன்றாகச் சாகும். கறுப்பு எலிகள் தீனி தின்றுகொண்டு திரியும். தடுப்பூசி போட்டதல்ல, நோய் வந்து பழகியதுமல்ல. பிறவியிலேயே அவற்றின் உடம்பில் ஏதோ ஒரு காவல் இருந்தது. வைரஸ் செல்லுக்குள் நுழைந்துவிடும். ஆனால் உட்கருவுக்குப் போய் எலியின் மரபணுவோடு தன்னைத் தைத்துக்கொள்வதற்கு முன்னால் அதை ஏதோ ஒன்று மடக்கிவிடும். "உள்ள வந்தவன ரூமுக்குள்ள விடாம வராண்டாவுலயே புடிச்சிக்குது" என்பார். நாங்கள் டீ குடித்தபடி கேட்போம். அப்போது அது வெறும் எலிக்கதை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அந்நாளில் அணுக்களை எண்ண, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை நாங்கள் வாயால்தான் உறிஞ்சுவோம். குழாயோடு ஒரு ரப்பர் டியூப், அதன் மறுமுனை எங்கள் பல்லிடுக்கில். கோடுவரை ஏறியதும் நாக்கால் அடைத்து நிறுத்த வேண்டும். பேசிக்கொண்டே உறிஞ்சத் தெரிந்தவர்தான் கெட்டிக்காரர். எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் இன்னொருவர் மறுபடி எண்ணுவது எங்கள் வழக்கம்.

அண்ணன் எண்ணியபோது வெள்ளை அணுக்கள் மிகவும் குறைவாக இருந்தன. "சாந்தா, நீ ஒருக்கா பாரும்மா" என்று என்னிடம் கொடுத்தார். வீட்டில் எனக்கு ஆறு மாதப் பெண் குழந்தை. பால் கட்டி மார்பு வலித்தது, போகும் அவசரத்தில் வேகமாக இழுத்துவிட்டேன். ரத்தம் வாய்க்குள் வந்தது. துப்பினேன், கொப்பளித்தேன், வீட்டுக்குப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்தேன்.

நான்காம் நாள், பெங்களூருக்கு அனுப்பியிருந்த அந்த டிரைவரின் ரத்தத்தில் எய்ட்ஸ் கிருமி இருக்கிறது என்று காகிதம் வந்தது. அந்த நான்கு நாளும் நான் பால் கொடுத்துக்கொண்டுதான் இருந்தேன். என் ஈறில் புண் இருந்தது.

அந்தக் காகிதத்தோடு அண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"வாய் வழியா ஒட்டுறது கம்மிதான். ஆனா உனக்கு வாயில புண்ணு. ஆவாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

"அந்தக் கறுப்பு எலிக்கு இருந்த மாதிரி மனுசனுக்கு ஒண்ணும் இல்லியா?"

"இந்த வைரசுக்கு இருந்திருந்தா, அந்த டிரைவருக்கு வந்திருக்காதேம்மா" என்றார். பிறகு, "பாப்பாவுக்குப் பால நிறுத்திடு. இன்னிக்கே" என்றார்.

அன்று அவரை வெறுத்தேன். ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றியது.

பாலை நிறுத்தினேன். ஏதோ மாத்திரை சாப்பிடுகிறேன் என்று மாமியாரிடம் பொய் சொன்னேன். குழந்தை என் ரவிக்கையைப் பிடித்து இழுத்து அழும். அதன் உடம்பு லேசாகச் சுட்டாலும் இரவு முழுக்க மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆறு மாதம் காத்திருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்கள். ஒவ்வொரு நாளும் லேபுக்குள் நுழைந்ததும் அண்ணனிடம் அதே கேள்வியைக் கேட்பேன். அவரும் சலிக்காமல் அதே பதிலைச் சொல்வார். "தெரிலம்மா. வேலயப் பாரு." காகிதம் வந்த வாரமே ரப்பர் டியூப்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கையால் அமுக்கி உறிஞ்சும் ரப்பர் பல்புகளை வாங்கி வந்தார். யாராவது பழக்கதோஷத்தில் குழாயை வாயருகே கொண்டுபோனால் மூன்று மொழியிலும் திட்டு விழும்.

ஆறு மாதம் கழித்துப் பெங்களூருக்கு அண்ணன் துணைக்கு வந்தார். எனக்கு ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. இப்போது என் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு எந்தக் காவலும் இருக்கவில்லை, தப்பித்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்பு, தொண்ணூற்றாறில், அண்ணன் எங்கோ படித்துவிட்டு வந்து, எலியின் காவல் எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள் என்றார். அது ஒரு புரதமாம். எந்தக் காலத்திலோ எலியின் மரபணுவில் தங்கிப்போன பழைய வைரஸின் துண்டிலிருந்து வந்தது போலிருக்கிறதாம். "திருட வந்தவனையே வாட்ச்மேனா வெச்சிக்கிச்சு பாரு!" என்று சிரித்தார். உடனே முகம் மாறியது. "அதுக்கும் தப்பிக்கிற வைரசு இருக்குது சாந்தா. எலியும் நிம்மதியா தூங்க முடியாது."

புதன்கிழமை அடக்கத்துக்குப் போனேன். அவர் மனைவி பிலோமினா அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டார்.

"அந்த டிரைவரு ரத்தம் மொதல்ல இவரு வாயிலதான் போச்சு, தெரியுமா? துப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லாம, உன் கையில குடுத்துட்டாரு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு ஜாக்கிரதயா இருந்திருக்கும்னு அழுவாரு. ஆறு மாசம் தனித் தட்டு, தனிப் பாயி. தட்டால ஒட்டாதுன்னு அவருக்கே தெரியும். இருந்தாலும் என்னைக் கிட்ட விடல. உன்னோட பெங்களூர் வந்தன்னிக்குத்தான் அவரும் ரத்தம் குடுத்தாரு."

கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் எழுந்து பெட்டியருகே போனேன். ஆறு மாதம், நாள் தவறாமல், "எனக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?" என்று அந்த மனிதரைக் கேட்டிருக்கிறேன். மூடுவதற்குமுன் குனிந்து, அவர் காதருகே, ஒருநாளும் கேட்காததைக் கேட்டேன்.

"உங்களுக்குப் பயமா இல்லியா அண்ணா?"