காலருக்குள் மூன்று தையல்

கல்லூரியில் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அடையாளம் மேடம்’. ஆங்கில இலக்கியத் துறையில் பதினாறு வருடமாகப் பாடம் நடத்துகிறார். எந்த நாவலை எடுத்தாலும் ‘இவள் யார், இவளை இப்படி ஆக்கியது யார்’ என்ற கேள்வியில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். ஒருநாள் வருகைப் பதிவில் தன் பேரைக் கூப்பிட்டதும் பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, “அது நான்தான்னு எல்லாரும் நினைக்கறாங்க மேடம்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு கட்டுரை. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்த நாட்களில், தலைப்பு எதுவும் பிடிபடாமல் தவித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டியாக இருந்த பேராசிரியர், “புத்தகத்தையே புரட்டிட்டிருந்தா என்னம்மா கிடைக்கும்? உன்னைச் சுத்தி இருக்கறவங்களைப் பாரு” என்றார். சுற்றிப் பார்த்ததும் கண்ணில் பட்டது சித்திதான். அம்மாவின் தங்கை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் சட்டைக் காலர் தைத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பதிவுக் கருவியை நடுவில் வைத்து, இரண்டு மணி நேரம் அவரிடம் கேள்வி கேட்டார்.

கடைசியில் சித்தி ஒரு விஷயம் சொன்னார். அங்கே வேலை செய்த பெண்கள் ஒவ்வொருவரும் காலருக்கு உட்புறம், வெளியே தெரியாத இடத்தில், மூன்று தையல் கூடுதலாகப் போடுவார்களாம். ஒருத்தி குறுக்காக, ஒருத்தி நெருக்கமாக, ஒருத்தி வளைத்து. யாரோ எங்கோ அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கும்போது, தைத்தவளின் கையெழுத்து அவன் கழுத்தில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மூன்று தையல் முப்பது பக்க ஆங்கிலக் கட்டுரை ஆனது. பேரில்லாத பெண்கள் ஊசியால் எழுதிக்கொண்ட பேர் என்று அதற்கு விளக்கம் எழுதினார். மதிப்புமிக்க ஓர் ஆய்விதழ் அதை வெளியிட்டது. பட்டம் வந்தது, வேலை வந்தது. வெளிநாட்டுக் கருத்தரங்குகளுக்குக் கூப்பிட்டார்கள். எங்கே கூப்பிட்டாலும் அந்தத் தையலைப் பற்றித்தான் பேசச் சொன்னார்கள். வேறு எதையாவது எழுதி அனுப்பினால், நன்றாக இருக்கிறது, ஆனால் பழையதைப் போல இல்லை என்று பதில் வரும். நாளடைவில் வேறு எழுதுவதையே விட்டுவிட்டார். சென்ற வருடம் அந்தக் கட்டுரையை முதுகலைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள்.

அவரிடம் ஆய்வு செய்ய வந்த மாணவி ஒருத்தி, அதே தையலை எடுத்துக்கொண்டாள். சுறுசுறுப்பான பெண். தொழிற்சாலை தொழிற்சாலையாக அலைந்து, பழைய தையல்காரப் பெண்கள் எட்டுப் பேரைக் கண்டுபிடித்துப் பேசிவிட்டு, முகம் வாடித் திரும்பி வந்தாள்.

“எட்டுப் பேரும் அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு சொல்றாங்க மேடம்.”

“இல்லைன்னு சொல்றதும் ஒரு பதில்தான்மா. அவங்க எதை மறைக்கறாங்கன்னு பாரு.”

மாணவி தலையாட்டினாள். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வந்து நின்றாள். “மேடம், உங்க சித்தியை ஒரு தடவை நான் பாத்துப் பேசட்டுமா?”

மறுக்கக் காரணம் எதுவும் இல்லை. அந்தச் சனிக்கிழமை காலையே இருவரும் போனார்கள். சித்தி மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். தேநீர் குடித்து முடித்ததும் மாணவி பதிவுக் கருவியை எடுத்து வைத்தாள்.

“பாட்டிம்மா, காலருக்குள்ள மூணு தையல் போடுவீங்களாமே, அதைப் பத்தி சொல்லுங்க.”

“எந்த மூணு தையல்?”

அடையாளம் மேடம் குறுக்கிட்டார். “அன்னைக்கு எங்கிட்ட சொன்னீங்களே சித்தி. ஆளுக்கு ஒரு மாதிரி அடையாளம் வெச்சுத் தைப்போம்னு.”

சித்தி கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்தார். “அதுவா? அது நான் சும்மா சொன்னதுடி.”

அடையாளம் மேடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“சும்மான்னா?”

“சும்மான்னா சும்மாதான். மணிக்கு இத்தனை பீஸுன்னு சூப்பர்வைசர் தலைமேல நிப்பான். இதுல மூணு தையல் கூடப் போட்டா விடுவானா? பீஸை மூஞ்சில விட்டெறிவான். தைச்ச யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே.”

“அப்புறம் ஏன் சித்தி எங்கிட்ட அப்படிச் சொன்னீங்க?”

“நீ அன்னைக்குக் கேட்டுக்கிட்டே இருந்த. ஊசி விரல்ல ஏறினதைச் சொன்னேன், முதுகு வலியைச் சொன்னேன், கக்கூஸுக்குப் போக டோக்கன் வாங்குனதைச் சொன்னேன். எது சொன்னாலும் உன் முகம் இறங்கிக்கிட்டே போச்சு. ‘வேற ஒண்ணும் இல்லையா சித்தி’ன்னு கேட்ட. பரீட்சைக்குப் போற பிள்ளை மாதிரி இருந்துச்சு. அதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். கேட்டதும் உன் முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சு பாரு. எனக்கு அது போதும்னு விட்டுட்டேன். ஏன், இப்ப என்ன?”

கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. ‘உங்களைப் பத்தி எழுதியிருக்கேன் சித்தி’ என்று இதழைக் கொண்டுவந்து கொடுத்தபோது, சித்தி அட்டையைத் தடவிப் பார்த்து அலமாரியில் வைத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று பதினேழு வருடத்தில் அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை. அடையாளம் மேடத்துக்கும் அப்படிச் சொல்லத் தோன்றியதில்லை.

“ஒண்ணுமில்ல சித்தி” என்றார்.

மாணவி பதிவுக் கருவியை நிறுத்திப் பைக்குள் வைத்தாள். படியிறங்கும்போது இரண்டாவது மாடி திருப்பத்தில் நின்றாள். “மேடம், நான் இதைக் கேக்கலைன்னு வெச்சுக்கட்டுமா?” கேலியில்லை, உண்மையாகவே அனுமதி கேட்டாள். அவருக்குக் கோபம் வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யார்மேல் கோபப்படுவது? சித்தி மேலா?

கணவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “இதுல என்ன இருக்கு? எங்க லேப்ல தப்பா ரிசல்ட் போயிட்டா உடனே போன் பண்ணி, தப்பு எங்களோடதுன்னு சொல்லிடுவோம். நீயும் சொல்லிடு” என்றார். அவ்வளவு சுலபமாக ஒரு கதவு இருப்பதைக் கேட்டு அவருக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை துறைத்தலைவரின் அறைக்குப் போய்ச் சொன்னார். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“உங்களுக்கு நேரம் சரியில்லையா? பேராசிரியர் பதவிக்கு உங்க ஃபைல் மேல போயிருக்கு.”

“அதுக்காக பொய்யை வெச்சுக்கிட்டு எப்படி சார்?”

“பொய்னு யார் சொன்னது? உங்க சித்திக்கு வயசாயிடுச்சு, மறந்திருப்பாங்க. மேடம், அந்தக் கட்டுரையை ஆதாரமா வெச்சு நம்ம துறையிலேயே மூணு பேர் பட்டம் வாங்கியிருக்காங்க. அதுல ஒருத்தர் இப்ப உங்க மாணவியோட ஆய்வேட்டைத் திருத்தப் போறவர். அடியில இருக்கற செங்கல்லை உருவிட்டு மாடியில இருக்கறவங்களை நடக்கச் சொல்றீங்களா?”

மேடம் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். தன் அறைக்கு வந்து ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். நடந்ததை ஒளிக்காமல் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று முடித்தார்.

ஆறு வாரம் கழித்து பதில் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். ஒரு கூற்று நடந்ததா இல்லையா என்பதைவிட, அது ஏன் சொல்லப்பட்டது என்பதே எங்கள் துறைக்கு முக்கியம். இதை உங்கள் கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் நீங்களே அழகாக வாதிட்டிருக்கிறீர்கள். எனவே திரும்பப் பெற வேண்டிய அவசியம் இல்லை. சித்தி கற்பனையாகச் சொன்னது இன்னும் சுவையானது. அன்பினால் சொன்ன பொய்யும் ஓர் அடையாளம் அல்லவா? அதைப் பற்றி எட்டாயிரம் சொற்களில் புதிய கட்டுரை தர முடியுமா? சிறப்பிதழில் முதலில் போடுகிறோம்.

மூன்றாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். அந்த வாக்கியம் அங்கேதான் இருந்தது. இருபத்தேழு வயதில் அதை எழுதிய அன்று எவ்வளவு பெருமைப்பட்டார். தன் கையாலேயே தாழ்ப்பாள் போட்டிருக்கிறார், அதுவும் வெளிப்பக்கமாக.

அந்தப் புதிய கட்டுரையை அவர் எழுதவில்லை. ஊசி ஏறிய விரலையும் டோக்கனையும் விட்டுவிட்டு, சித்தியின் பொய்யை இன்னொரு முறை சமைத்துப் பரிமாற மனசு வரவில்லை. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஏன் என்று துறைத்தலைவர் வெளியே சொல்லவில்லை. உடம்பு சரியில்லை போல என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். ஓய்வறையில் ஒரு சக ஆசிரியை, தைராய்டு பார்த்தீர்களா என்று அக்கறையாக விசாரித்தார்.

மாணவியைக் கூப்பிட்டு, “உங்கிட்ட அந்த எட்டுப் பேர் சொன்னதுதான் உண்மை. அப்படியே எழுது. நான் கையெழுத்துப் போடறேன்” என்றார்.

“உங்க கையெழுத்து போதாது மேடம்” என்றாள் மாணவி. சொன்னபோது அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “திருத்தறவர் யார்னு உங்களுக்கே தெரியும். எனக்கு ரெண்டு வருஷம் ஏற்கனவே போயிடுச்சு.” அடுத்த மாதம் அவள் வேறொரு வழிகாட்டிக்கு மாறிப் போனாள். புதிய தலைப்பு, கடைப் பெயர்ப்பலகைகளில் ஆங்கிலம். வராந்தாவில் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்வாள்; நின்று பேச மாட்டாள்.

பருவம் தொடங்கியது. பாடத்திட்டத்தை மூன்று வருடத்துக்கு மாற்ற முடியாது என்று குழு சொல்லிவிட்டது. நான்காவது வாரம் அவர் தன் கட்டுரையையே வகுப்பில் நடத்த வேண்டியிருந்தது. அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை.

“இதுல சொல்லியிருக்கற தையல் எதுவும் நடக்கலை. இது பொய்” என்றார்.

சித்தி சொன்னதையும், எட்டுப் பெண்கள் சொன்னதையும், தான் அவர்களை நம்ப மறுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல மூச்சு சீராவதுபோல் இருந்தது. சொல்லி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆனது. முதல் வரிசையில் ஒரு பெண் மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“மேடம், அப்ப பரீட்சையில இதை எப்படி எழுதணும்?”

அறுபது பேனாக்களும் காத்திருந்தன. கேள்வித்தாளை எடுப்பவர் வேறு கல்லூரிக்காரர். விடைத்தாளைத் திருத்துபவரும் வேறு யாரோ. இந்தப் பிள்ளைகள் உண்மையை எழுதினால் மதிப்பெண் போய்விடும்.

“புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதுங்க” என்றார்.

எல்லோரும் குனிந்து அதைக் குறித்துக்கொண்டார்கள். அவர் புத்தகத்தைத் திறந்து, முதல் பத்தியைப் படிக்க ஆரம்பித்தார்.