மரப்பட்டை வாசம்

நொர்வேயின் வெஸ்ட்லியில் எங்கள் மாடிக்கட்டடத்து லிஃப்ட் இடையில் நின்றபோது, உள்ளே நானும் பக்கத்து வீட்டு மரியாவும்தான். அமேசன் காட்டுப் பழங்குடிப் பெண் அவர். அவர் வீட்டில் ஏதோ அவியும் கசப்பு நாற்றம் தாங்காமல், கட்டட நிர்வாகத்துக்குப் பெயர் போடாமல் முறைப்பாடு எழுதியவள் நான். தடிமன் வந்தால் நானும் கொத்தமல்லி அவிப்பவள்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

உதவி வர அரை மணியாகும் என்றார்கள். மரியா கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை நீட்டினார்.

"நொர்வேஜியன் கதைப்பன், வாசிக்கத் தெரியாது. என்னெண்டு சொல்லுங்கோ."

கட்டட நிர்வாகம் அனுப்பியது; அதில் என் முறைப்பாட்டின் வசனங்கள் அப்படியே இருந்தன. ஓட இடமில்லை. வாசித்து முடித்தேன்.

அவர் கோபப்படவில்லை. "மகளுக்குக் காய்ச்சல். அம்மா அனுப்பின மரப்பட்டையை அவிச்சனான். எங்கட காட்டிலை மரத்தின்ரை ஒரு பக்கம்தான் உரிப்பம், மற்றவைக்கும் வேணுமெல்லோ? பட்டை அவியிற வாசம் வந்தால், ஆருக்கு வருத்தமெண்டு அயல் முழுக்க ஓடிவரும். இஞ்சை ஒருத்தரும் வரேல்லை."

அன்று பின்னேரமே அவர் வீட்டுக் கதவைத் தட்டி, பிள்ளையைப் பார்த்தேன்.

இப்போது எல்லாருக்கும் என்னைக் காட்டி, "வந்து விசாரிச்சது இவ ஒருத்திதான்" என்கிறார். கடிதம் எழுதியதும் இவள்தான் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.