கழற்றினால் வாரண்டி இல்லை

வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு கேமை ஒரிஜினலாக வாங்கி, என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

டிஸ்க்கைப் போட்டால், "ஒரிஜினல் டிஸ்க்கைப் போடவும்" என்று திரையில் வருகிறது. அடேய், போட்டிருப்பதே அதைத்தானே!

கொம்பியூட்டரையும் டிஸ்க்கையும் விற்ற டவுன் கடைக்காரருக்கு போன் எடுத்தேன்.

"டிஸ்க்ல பிழை இல்ல தம்பி. கொம்பியூட்டரக் கொண்டு வாங்க, பாப்பம்."

இன்று சித்தாண்டியிலிருந்து பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஆமி செக்பொயின்டில் இறக்கி, மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் விசிறி வரைக்கும் காட்டினேன்.

கடைக்காரரின் மெஷினிலும் அதே வரிதான் வந்தது. அப்போதுதான் டிஸ்க்கின் ஓரத்தில் அவர் ஒட்டியிருந்த வாரண்டி ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் கனத்தால் டிஸ்க் சுற்றும்போது ஆடாதா? ஆடினால் அது ஒரிஜினலா இல்லையா என்று மெஷின் எப்படிப் பார்க்கும்?

"இதக் கழட்டுங்க அண்ணன்."

"கழட்டினா வாரண்டி இல்ல தம்பி. நம்மட கடைச் சாமான் எண்டதுக்கு அதுதானே அத்தாட்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே உரித்தெடுத்தேன். கேம் உடனே ஓடியது.

"பாத்தீங்களா, டிஸ்க்ல பிழை இல்ல எண்டு அப்பவே சொன்னன்" என்றார், வெட்கமே இல்லாமல். அதோடு நிற்கவில்லை. நான் வெளிக்கிடும்போது கொம்பியூட்டர் மூடியில் புது ஸ்டிக்கர் ஒன்றை அழுத்தி ஒட்டினார். "இதையும் கழட்டிராதீங்க."

திரும்பும் வழியில் அதே செக்பொயின்ட். மூடியைக் கழற்றச் சொன்னார்கள்.

கழற்றினால் வாரண்டி போய்விடும் என்று ஆமிக்காரரிடம் சொல்லக்கூடிய வீரர்கள் யாராவது இருந்தால், கீழே கமென்டில் கையைத் தூக்குங்கள்.