நகர்ந்து வந்த புகை

நான் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். தூத்துக்குடியில் கரை மறைந்த பிறகும் அனல் மின்நிலையச் சிம்னியின் புகை கடலில் வெகுதூரம் தெரியும். அந்தத் தைரியத்தில் அன்று ஜிபிஎஸ் கருவியை வீட்டிலேயே விட்டுவிட்டேன். கூட வந்தது மச்சான் அந்தோணி மட்டும்.

வலையை இழுத்து முடித்தபோது உச்சி வெயில். சூரியன் தலைக்கு நேரே நின்றதால் திசை பிடிபடவில்லை. சுற்றிலும் வெள்ளை மூட்டம். புகையைத் தேடினோம். ஒரு பக்கம் கறுப்பாகக் கோடு தெரிந்தது. "அந்தா தெரியுது மச்சான்" என்று அந்தோணி கைகாட்ட, வள்ளத்தை அங்கே விட்டேன்.

வெகுநேரம் ஓட்டியும் கரை தென்படவில்லை. திடீரென்று அந்தோணி என் கையைப் பிடித்தான்.

"மச்சான், கரை நம்மளப் பாத்துல்லா வருது!"

புகைக்குக் கீழே ஒரு சரக்குக் கப்பல் எழுந்து வந்தது. வள்ளத்தை ஒடித்துத் திருப்பினேன். அந்த இரும்புச் சுவர் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. மேலே ஓர் ஆளைக்கூடக் காணோம். அது துறைமுகத்துக்குத்தான் போக வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே, அதன் பின்னால் போய்க் கரை சேர்ந்தோம்.

சிம்னி புகையில்லாமல் நின்றது. மின்நிலையத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"இப்ப பகல்ல நாடு பூரா சோலார் கரண்டு வருதுல்லா அண்ணே. தேவையில்லன்னா இத நிப்பாட்டிருவாங்க" என்றார்.

நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது ஜிபிஎஸ் இல்லாமல் வள்ளத்தைத் தள்ளுவதில்லை. எந்தப் புகையைக் கண்டாலும், அது ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கரையில் நிற்கும்போதும்.