சாட்சி என்றால் கோர்ட்டா?

கர்த்தரிடம் கேட்டதை அவர் தராமல் விட்டதற்காக நன்றி சொல்ல வந்திருக்கிறேன். சபையார் பொறுமையோடு கேட்க வேண்டும்.

நான் தஞ்சை மாவட்டப் பாபநாசத்துக்குப் பக்கத்தில் குடமுருட்டி ஆற்றங்கரை ஊரில் பிறந்தவள். எங்கள் தெருவில் சட்டம் படித்த முதல் பெண். முதுகலைச் சட்டப் படிப்பின் இறுதியில் ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். எழுத்தில் இல்லாத குத்தகையில் பயிரிடும் பெண்களுக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்பதே நான் எடுத்த தலைப்பு. அதற்காக நான் எங்கும் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட எங்கள் தெருவில், பெரியவீட்டு நிலத்தை வாய்ச்சொல் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறவர்கள் பெண்கள்தாம். ஆனால் அரசாங்கத்தின் அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் பயிரிடுபவர் என்று இருப்பது, சென்னையில் குடியிருக்கும் நிலச்சொந்தக்காரரின் பெயர். கார்த்திகை மழையில் பயிர் மூழ்கினால் நிவாரணமும் அந்தப் பெயருக்கே போகும். மூழ்கிய பயிரைத் தூக்கிப் பார்த்து அழுதவளுக்கு ஒன்றும் வராது.

போன சம்பா நடவு முடிந்ததும் பெண்களைப் பார்க்கப் போனேன். சட்டம் படித்தவளாயிற்றே, முறையாகத் தொடங்கினேன். நீங்கள் சொல்வதெல்லாம் சாட்சியாகப் பதிவு செய்யப்படும் என்றேன். அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

“சாட்சின்னா கோர்ட்டா பாப்பா?” என்று கேட்டார் எஸ்தர் அத்தை. எங்கள் அடுத்த வீட்டுக்காரர், சபைக்கும் மூத்தவர்.

“இல்ல அத்தை. என் படிப்புக்குத்தான்.”

“போலீசும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

செய்தி பெரியவீட்டுக் காரியஸ்தரின் காதுக்குப் போனது. நிலச்சொந்தக்காரருக்குப் பதிலாக இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவர் அவர். வாய்க்கால் மதகடியில் என் அம்மாவை நிறுத்தினார். “உங்க பொண்ணு எதை வேணா படிக்கட்டும்மா. எங்க வயல ஏன் படிக்குது?” என்று கேட்டார். என்னிடம் வாய் திறக்கிறவர்களுக்கு அடுத்த சாகுபடிப் பட்டத்தில் குத்தகை இல்லை என்று தெருவுக்கும் சொல்லி அனுப்பினார்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் நல்லவர். கள ஆய்வு இல்லாமல் நூலகத்திலேயே முடிக்கக்கூடிய வேறு தலைப்புக்கு மாறும்படி அக்கறையோடுதான் சொன்னார். ஆவணமும் இல்லை, பேச ஆளும் இல்லை என்றால் அது ஆய்வு அல்ல, வெறும் ஆதங்கம் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அதுதான் என்னை நொறுக்கியது. கோடைக்குள் சமர்ப்பித்தாக வேண்டும். தவறினால் ஓராண்டு போகும். படிப்பே போனாலும் போகும்.

ஆள் இல்லாத பகல் நேரத்தில் ஆலயத்துக்குப் போனேன். முழங்காலில் நிற்கவில்லை. நின்றுகொண்டே பேசினேன், உரக்க. “எனக்கு ஒரே ஓர் ஆளைத் தாரும். நடந்ததைச் சொல்ல ஒரே ஒரு பெண். நீர் தராவிட்டாலும் நான் தலைப்பை மாற்ற மாட்டேன். பெயர் இல்லாதவர்களைப் பற்றிய அத்தியாயத்தை வெறும் தாளாகவே வைத்துக் கட்டித் தருவேன். அது உமக்குத்தான் அவமானம்.” கர்த்தரோடு வழக்காடலாமா என்று பிற்பாடு சிலர் என்னைக் கடிந்துகொண்டார்கள். வழக்காடத்தானே எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்? தெரிந்த மொழியில் ஜெபித்தேன்.

அன்று பதில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பொங்கல் வந்தது, சம்பா அறுவடை வந்தது, ஒருத்தியும் வரவில்லை.

அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் ஊர்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. முதல் கதிர்க்கட்டைப் பீடத்தருகே வைத்துவிட்டு, விரும்புகிறவர்கள் ஒலிபெருக்கியில் சாட்சி சொல்வார்கள். விளைச்சல் வந்தது, தோத்திரம் என்று இரண்டு வார்த்தையில் முடிப்பார்கள். பிறகு பூசணிக்காயும் சேவலும் ஏலம் போகும். பண்டிகைக்காகக் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய்கள் கடைத்தெரு வரைக்கும் கேட்கும்.

எஸ்தர் அத்தை கதிர்க்கட்டை வைத்தார். மைக்கைப் பிடித்தார். என்னைப் பார்த்தார்.

“இது கோர்ட்டு இல்ல. ஆனா இங்க பொய் சொன்னா தண்டனை பெருசு. அதனால உள்ளதைச் சொல்றேன். இந்தக் கதிரு வாய்க்காலுக்குத் தெக்கால இருக்குற பெரியவீட்டு வயல்ல வெளைஞ்சது. அதை எங்க மாமியா பயிர் வச்சாங்க. இப்ப நான் வைக்கிறேன். குத்தகை நெல்லு ஒரு பட்டமும் நிறுத்தினதில்ல. வெள்ளத்துல பயிரு அழுவுனப்ப என் பேரு எங்கயும் இல்ல. கர்த்தருக்குத் தெரியும். இப்ப ஊருக்கும் தெரியட்டும்.”

சபை ஆமென் என்றது. அத்தை நகர்ந்ததும் எங்கள் தெருப் பாக்கியம் சித்தி எழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசையே நின்றது. ஒவ்வொருவரும் தம் வயலைச் சொன்னார்கள், அதன் எல்லையைச் சொன்னார்கள், எத்தனை காலமாகச் சேற்றில் இறங்குகிறார்கள் என்பதைச் சொன்னார்கள். போதகர் தம் பிரசங்கத் தாள்களை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் எழுதிக்கொண்டே அழுதேன்.

ஆராதனை முடிந்ததும் அத்தையிடம் ஓடினேன். “நீ கோயில்ல சண்டை போட்டது சாலை வரைக்கும் கேட்டுச்சு” என்றார். “ஒருத்தியா எந்திரிக்க எனக்கும் பயம்தான். அதான் எல்லாரையும் சேர்த்துக்கிட்டு வந்தேன். அதுக்குத்தான் இத்தனை நாளு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒருத்தியைக் கேட்டிருந்தேன். அன்றே ஒருத்தி கிடைத்திருந்தால் அவள் வயல் போயிருக்கும். என் ஆய்வேடு அவளுடைய பட்டினியின் மேல் நின்றிருக்கும். நான் கேட்டது கிடைக்காமல் போனதே அவளுக்குக் காவலாக இருந்தது.

காரியஸ்தர் சும்மா இருக்கவில்லை. பாக்கியம் சித்தியின் வயலைப் பிடுங்கி வெளியூர்க்காரருக்குக் கொடுத்தார். ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்றும் தயாரானது. அந்த வயலில் நடவுக்கு எங்கள் தெருப் பெண் ஒருத்தியும் இறங்கவில்லை. நடவு மிஷினைக் கொண்டுவந்தார்கள். அது சேற்றில் புதைந்தது, அதை மேலே இழுக்கவும் ஆள் கிடைக்கவில்லை. நாற்று முற்றுவதற்குள் வயல் சித்தியிடமே திரும்பியது. இதைத் தற்செயல் என்கிறவர்களோடு நான் வாதாடத் தயார்.

ஆய்வேட்டில் பெயர்களை வெளியிடுவதா என்று பல நாள் யோசித்தேன். விளைவை அனுபவிக்கப் போகிறவர்கள் அவர்கள் என்பதால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். குழாயில் சொன்ன பிறகு தாளில் என்ன ஒளிவு என்றார்கள். அவர்கள் சொன்னதையெல்லாம் வயலுக்குப் போய் எல்லையோடு ஒப்பிட்டு, அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து எழுதினேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர், இது சட்ட ஆய்வா, பிரசங்கமா என்று கேட்டார். “தமக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும், எதிராளி கேட்கும்படி, ஊர் நடுவில் சொன்னவர்களின் பேச்சு இது. பத்திரம் இல்லை என்பதற்காக இதை ஒதுக்குகிற சட்டம், பத்திரம் வைத்திருப்பவனுக்கு மட்டுமே சட்டம்” என்றேன். வழிகாட்டிப் பேராசிரியர் தலையசைத்தார். ஆய்வேடு ஏற்கப்பட்டது.

நிலம் இன்னும் எங்களுடையது ஆகிவிடவில்லை. குத்தகைப் பதிவுக்கான மனுக்கள் தாசில்தார் அலுவலகத்தில் நிற்கின்றன. நான் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டு தஞ்சாவூரிலிருந்து அவற்றை நடத்துகிறேன். இனி எனக்காக மட்டும் ஜெபிக்க எனக்குத் தெரியாது.

சகோதர சகோதரிகளே, அடங்கி ஒடுங்கிக் கேட்டால்தான் அவர் கேட்பார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நியாயத்தை உரக்கக் கேளுங்கள். தாமதித்தால் தளராதீர்கள். அவர் ஆள் சேர்த்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்த வாரம் தாசில்தார் முன் முதல் விசாரணை. எஸ்தர் அத்தைதான் முதல் சாட்சி. கோர்ட்டா என்று இப்போது அவர் கேட்பதில்லை. எத்தனை மணி பஸ்ஸைப் பிடிக்கணும் என்று கேட்டிருக்கிறார்.