காரின் இரைச்சலும் நான் ஒட்டிய ரப்பரும்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

இதனை வாசிக்க முன்வந்த தங்களுக்கு என் வணக்கம். நான் ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்றவன். அதன்பின் கற்றவை யாவும் நாளிதழ்களிலிருந்தும் இரவல் நூல்களிலிருந்தும் நானாகத் தேடிக்கொண்டவை. ஆதலால் நடையில் குறை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன். நான் சொல்லவிருப்பது, ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டு முன்புறத்தில் நடந்த ஒரு வேலையைப் பற்றியது.

எங்கள் வீடு ஈப்போ நகருக்குத் தெற்கே, பீடோர் என்னும் சிற்றூரில் இருக்கிறது. என் துணைவியாருக்குப் புற்றுநோய் கண்டு, மருந்து ஏற்றும் சிகிச்சை முடிந்து, ஈப்போ மருத்துவமனையில் கதிர்வீச்சுச் சிகிச்சை தொடங்கியிருந்தது. வாரத்திற்கு ஐந்து நாளாக ஐந்து வாரம் போக வேண்டும். சிகிச்சை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போவதற்கு ஒரு மணி நேரம், வருவதற்கு ஒரு மணி நேரம். இடையில் காத்திருப்பது எவ்வளவு என்பது அன்றைய கூட்டத்தைப் பொறுத்தது. நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் இதுவரை செய்ததும் வீணாகும் என்று மருத்துவர் இரண்டு முறை சொல்லியிருந்தார்.

என் கார் இருபது வயதைக் கடந்தது. இயந்திரத்தில் குறையில்லை. ஆயினும் நெடுஞ்சாலையில் ஏறியவுடன் சக்கரத்தின் இரைச்சல் தரைத்தகட்டின் வழியே மேலேறி, கதவுகளில் புகுந்து, கூரை முழுதும் நிறைந்துவிடும். வழியிலுள்ள தாப்பாவைத் தாண்டிவிட்டால் பேச வேண்டியதைக் கத்தித்தான் பேச வேண்டும். அது எங்கள் இருவருக்கும் பழகிப்போனது என்று நான் எண்ணியிருந்தேன்.

முதல் வாரத்தின் வெள்ளிக்கிழமை, திரும்பி வந்து காரை நிறுத்திய பின்னும் துணைவியார் இறங்கவில்லை. தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

"திங்கக்கெழம நான் வரல," என்றார்.

"என்ன சொல்ற நீ? டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஊசி தாங்கிட்டேன், முடி கொட்னது தாங்கிட்டேன். இந்தத் தகர டப்பா சத்தம் தாங்க முடியலங்க. மண்டைக்குள்ள மிசின் ஓடுது. வீட்டுக்கு வந்தும் நிக்க மாட்டேங்குது."

வாடகைக் காரில் போகலாமே என்று ஜொகூரில் வசிக்கும் எங்கள் மகள் தொலைபேசியில் சொன்னாள். வழியில் வாந்தி வந்தால் அந்நியர் முன்னால் என்ன செய்வது என்று துணைவியார் மறுத்துவிட்டார். அவர் ஒன்றை மறுத்தால் அது மறுத்ததுதான். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் நான் அறிந்துகொண்ட உண்மைகளுள் அது ஒன்று.

எனவே திங்கட்கிழமைக்குள் காரின் இரைச்சலை அடக்குவது என்று தீர்மானித்தேன். சிகிச்சை அறைக்குள் எனக்கு வேலையில்லை. கதவுக்கு வெளியே நாற்காலியில் அமர்ந்திருப்பதொன்றே நான் செய்யக்கூடியது. கார் அப்படியன்று, அதனை நான் கழற்றவும் மாட்டவும் முடியும்.

அடுத்த வீட்டில் வசிக்கும் தம்பி, தஞ்சோங் மாலிமில் உள்ள கார்த் தொழிற்சாலையில் வேலை செய்பவர். நாற்பது வயது இருக்கும். சனிக்கிழமை காலையில் மிகைநேர வேலைக்குப் புறப்பட்டவரிடம் யோசனை கேட்டேன்.

"அதுக்குன்னு ஷீட்டு இருக்குண்ணே. ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளித்தாளு மாரி. ஈப்போல காடி சாமான் கடையில கெடைக்கும். தகரத்துல ஒட்டிட்டா அது அதிராது. எங்கிட்டயே கொஞ்சம் மிச்சம் இருக்கும் லா, தேடிப் பாக்குறேன்."

"அந்தக் கறுப்பு என்ன சாமான்?"

"ரப்பர் மாரிதாண்ணே. ஆனா மரத்துல வந்தது இல்ல."

மரத்தில் வராத ரப்பர் என்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறும்வரை முப்பத்தோராண்டு நான் புகைக்கொட்டகையில் வேலை செய்தவன். ரப்பர்ப் பாலை உறையவைத்து, ஷீட்டாக அழுத்தி, விறகுப் புகையில் காயவைத்து எடுக்கும் இடம் அது. ஷீட்டு அழுத்தும் இயந்திரம் ஆடினால், அதன் கால்களுக்கடியில் பழைய ஷீட்டைத்தான் மடித்து வைப்போம். ஆட்டம் பாதியாகக் குறைந்துவிடும். அவ்வளவு பெரிய இயந்திரத்தை அடக்கியது இந்தச் சிறிய காரை அடக்காதா என்று எண்ணினேன்.

பீடோருக்கு வெளியே ஒரு சீனப் பெரியவர் சிறு தோட்டம் வைத்து இன்னும் ஷீட்டுப் போடுகிறார். அவரிடம் போய்ப் பன்னிரண்டு ஷீட்டு வாங்கினேன். காரின் தரையில் விரிக்கவா என்று மலாயில் கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு தாமே தூக்கிவந்து காரில் வைத்தார்.

அன்று வானம் மூடியிருந்தது. நான்கு இருக்கைகளையும் கழற்றினேன். திருகுகள் துருவேறிக் கிடந்தன. ஒன்றைக் கழற்றவே அரைமணி ஆயிற்று. கம்பளத்தைத் தூக்கினால் அடியில் மணலும் பழைய ரசீதுகளும் ஒரு கொண்டையூசியும் கிடந்தன. தகட்டைத் துடைத்து, செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் மஞ்சள் பசையைத் தடவி, ஷீட்டை வெட்டி ஒட்டினேன். ஒட்டிய பின் காற்றுக் குமிழ் நில்லாமல் உருட்டி அழுத்த வேண்டும். அதற்குச் சமையலறையிலிருந்து சப்பாத்திக் கட்டையை எடுத்துவந்தேன். துணைவியார் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டார்.

"இனிமே அந்தக் கட்டையில தேச்ச சப்பாத்திய நீங்கதான் திங்கணும், சொல்லிட்டேன்."

அவ்வாரம் முழுதும் அவர் சொன்ன ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான். எனக்குத் தெம்பு வந்தது.

மாலையில் வேலை முடிந்தது. முழங்கால்களை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை. காரைப் பெரிய சாலைவரை ஓட்டிப் பார்த்தேன். ஐயா, இரைச்சல் உண்மையாகவே குறைந்திருந்தது. என் இருமல் எனக்கே கேட்டது. திரும்பி வரும்போது அடுத்த வீட்டுத் தம்பி வேலையிலிருந்து வந்து இறங்கிக்கொண்டிருந்தார். கார்க் கதவருகே வந்து நின்றவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னண்ணே, உள்ளுக்கு எலி செத்துருச்சா?"

"பசை வாடை தம்பி. காத்துப் பட்டா போயிரும்."

நான் பொய் சொல்லவில்லை. எனக்குப் பசையின் வாடை மட்டுமே தெரிந்தது. வேறு எந்த வாடையும் என் மூக்கில் ஏறவில்லை.

மறுநாள் ஞாயிறு நல்ல வெயில். கார் மூடியபடியே முற்பகல் முழுதும் வெயிலில் நின்றது. மதிய உணவுக்குப் பின் துணைவியாரை அழைத்தேன். அவர் மெல்ல நடந்துவந்து, கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த காலை எடுப்பதற்குள் குமட்டிவிட்டது. வாசற்படியருகே உட்கார்ந்து, உண்ட அனைத்தையும் வாந்தியெடுத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வாயைக் கொப்பளித்துவிட்டு, என்னை நிமிர்ந்து பார்க்காமலே பேசினார்.

"கித்தா நாத்தம்." தோட்டத்தில் ரப்பரை நாங்கள் கித்தா என்றுதான் சொல்வோம்.

"புது ஷீட்டுதானே. நல்லாக் காஞ்சதுதான்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? மொகத்துக்கு நேரா வெச்சாலும் உங்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வருசம் பால் வெட்டி, வாளி தூக்கி, தலமுடியெல்லாம் அந்த நாத்தம். தோட்டத்த விட்டு வந்து அது ஒடம்ப விட்டுப் போறதுக்கே எனக்குப் பத்து வருசம் ஆச்சு. இப்ப அதுக்குள்ளயே உக்கார வெச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?" சற்று நிறுத்தி, "நான் வரல. விட்ருங்க," என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மருந்து ஏற்றத் தொடங்கிய நாள்முதல் அவருக்கு எந்த வாடையும் ஆகாது என்பதை நான் அறிவேன். வெங்காயம் வதக்குவதையே விட்டிருந்தோம். அறிந்திருந்தும் ரப்பருக்கு வாடை உண்டு என்பதே என் நினைவில் எழவில்லை. புகைக்கொட்டகையில் முப்பத்தோராண்டு நின்ற மூக்கு அதனைக் காற்றாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும்.

இருக்கைகளை மீண்டும் கழற்றினேன். முதல் ஷீட்டைப் பிய்க்கும்போது அடுத்த வீட்டுத் தம்பி வேலிக்கு அப்பாலிருந்து பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்யவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து மறுபக்கக் கதவைத் திறந்தார்.

நன்றாக ஒட்டிய வேலையைப் பிய்ப்பது ஒட்டுவதைவிடக் கடினம் என்பதை அன்று அறிந்தேன். ஷீட்டு வந்தாலும் பசை வரவில்லை. தின்னர் ஊற்றித் துடைக்கலாமா என்று கேட்டேன்.

"வேணாண்ணே. அந்த வாடையும் அக்காவுக்கு ஆகாது. சமையல் எண்ண கொண்டாங்க, ஊறட்டும். அப்பறம் சவுக்காரம் போட்டு ரெண்டு தடவ கழுவிருவோம்."

எண்ணெயில் ஊறவைத்து, மரக்கரண்டியால் சுரண்டி, சவர்க்காரநீரால் கழுவி, உலரத் துடைத்து முடிப்பதற்கு மாலை ஐந்து மணி ஆயிற்று. தம்பி தம் வீட்டிலிருந்து அந்த வெள்ளித்தாள் ஷீட்டுகளை எடுத்துவந்தார். எட்டே இருந்தன. ஒட்டத் தொடங்குவார் என்று நினைத்தேன். அவரோ அதில் ஒரு துண்டை வெட்டி, காரின் முன்மூடி மேல் வெயிலில் வைத்தார்.

"எதுக்கு தம்பி?"

"சூடாவட்டும். அக்காகிட்டக் குடுத்து மோந்து பாக்கச் சொல்லுங்க. அவங்க சரின்னா ஒட்டுவோம். மொத ஷீட்ட அவங்ககிட்டக் காட்டுனீங்களா?"

நான் காட்டவில்லை. அவரிடம் எதையுமே நான் கேட்டிருக்கவில்லை.

துண்டு நன்றாகச் சூடேறியதும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். துணைவியார் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் நீட்டியதைத் தொடாமல் முகத்தை மட்டும் அருகே கொண்டுவந்தார். பிறகு கையில் வாங்கி இன்னொரு முறை முகர்ந்தார்.

"இதுல வாடை ஒண்ணும் வரல," என்றார். "ஆனா வாசத்துக்குன்னு வேற எதையும் வெக்காதீங்க. பண்டான் எல, எலுமிச்சங்கா, ஒண்ணும் வேணாம்."

நாளை வருவாரா என்று கேளாமலே வெளியே வந்து, ஒட்டலாம் என்று தம்பியிடம் சொன்னேன்.

எட்டு ஷீட்டு முழுக் காருக்கும் போதாது. இரு பக்கமும் பங்கிடலாமா என்று தம்பி கேட்டார். இடப்பக்கம் மட்டும் போடுவோம் என்றேன். துணைவியார் அமரும் இடத்தின் தரை, அவர் சாயும் கதவு, அவர் பாதங்களுக்கு எதிரேயுள்ள தகடு. முழுவதும் மூடத் தேவையில்லை, ஒவ்வொரு தகட்டின் நடுவிலும் ஒட்டினால் போதும் என்று தம்பி விரலால் தட்டிக் காட்டினார். 'டங்' என்று ஒலித்த தகடு, ஒட்டிய பின் 'தொப்' என்றது. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்துவிட வேண்டாம் என்றும் சொல்லித் தந்தார். இருட்டுவதற்குள் முடித்தோம். நான்கு கதவுகளையும் விடியும்வரை திறந்தே வைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, அழைக்காமலே துணைவியார் கைப்பையுடன் வெளியே வந்தார். கதவருகே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். ஏறினார். நெடுஞ்சாலையில் ஏறியதும் என் பக்கத்துத் தரை வழக்கம்போல் அலறியது. தாப்பாவைத் தாண்டியதும் அவர் பக்கம் திரும்பினேன்.

"எப்பிடி இருக்கு?" என்று கத்திக் கேட்டேன்.

"ஏன் கத்துறீங்க? உங்க பக்கந்தான் சத்தம். எம்பக்கம் பரவால்ல."

கோப்பெங் வருவதற்குள் கதவில் தலைசாய்த்து உறங்கிவிட்டார். மருத்துவமனை வாகன நிறுத்தத்தில் அவரை எழுப்ப மனம் வராமல் ஐந்து நிமிடம் தாமதித்தேன். அதற்காகப் பதிவு மேசையில் இருந்த தாதி என்னைக் கடிந்துகொண்டார். தலைவலி அதன்பின்னும் சில நாள்களில் வரவே செய்தது. வந்த நாள்களிலும் அவர் மறுநாள் ஏறினார். எஞ்சிய இருபது நாள்களில் ஒரு நாளும் தவறவில்லை. சிகிச்சை முடிந்துவிட்டது. பலன் என்னவென்று சொல்ல இன்னொரு பரிசோதனை இருக்கிறது. அதற்குக் காத்திருக்கிறோம். இருவருக்கும் களைப்பாக இருக்கிறது.

என் பக்கத்திற்கும் ஷீட்டு வாங்கி ஒட்டும்படி மகள் சொல்கிறாள். முழங்கால் இடந்தரவில்லை. துணைவியாரும் தேவையில்லை என்கிறார்.

ஐயா, அம்மா, இதில் பெரிய செய்தி ஏதுமில்லை என்பதை அறிவேன். நோயாளியைத் தொலைவிலிருந்து சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் எவருக்கேனும் பயன்படலாம். ஆகவே இந்தக் குறிப்பை எறிந்துவிடாமல் வைத்திருக்கும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.